நீல டப்பா

டமார்!

டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தத்தில் நெல்லிப்பாறைப் பள்ளிக்கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. மின்விசிறி சோம்பலாக இரண்டு சுற்று சுற்றிவிட்டு நின்றது. மேசைமேல் அடுக்கியிருந்த மரக்கட்டைகள் சரிந்து தரையெல்லாம் உருண்டன.

கௌசர் பதறிப்போய் முதலில் பிடித்தது கேமராவை. முக்காலியோடு சாய்ந்துகொண்டிருந்த அதை இரண்டு கையாலும் தாங்கி நிறுத்தினாள். மிஞ்சிப்போனால் மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடிக்காக அன்று சாயங்காலம்வரை அவள் தன்னைத் தானே சபித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது எதிர் நாற்காலி காலி.

"அன்பரசி?"

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெரிய சத்தம் கேட்டால் அன்பரசி காதைப் பொத்திக்கொண்டு அங்கேதான் போய்ச் சுருண்டுகொள்வாள். அங்கே இல்லை. அலமாரிக்குப் பின்னால் இல்லை. பின்பக்கக் கதவு மட்டும் திறந்து கிடந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"ஆனந்தி! பின்கதவை யார் திறந்தது?"

உதவிக்கு இருந்த ஆனந்தி வெளியிலிருந்து ஓடி வந்தாள். கையில் தண்ணீர்க் குடம். "நான்தான் மேடம், தண்ணி எடுக்கப் போனேன்... ஐயோ, பாப்பா எங்க?"

மணி இரண்டு பத்து.

கௌசருக்கு வாணியம்பாடி. வயது இருபத்தேழு. சென்னையிலிருக்கும் ஓர் ஆய்வு நிறுவனம், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அம்மாக்களின் மூலமே நடத்தைப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்கிறதா என்று மலைக் கிராமங்களில் சோதித்துப் பார்க்கிறது. அதற்காகப் புதூர்நாட்டில் அறை எடுத்துத் தங்கி, ஜீப்பில் ஊர் ஊராகப் போய் வருகிறவள் அவள். பன்னிரண்டு குழந்தைகள் அவள் பொறுப்பு. வேண்டாத பழக்கம் வாரா வாரம் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் வரைபடம், அதில் ஒன்பது வயது அன்பரசிக்குத்தான் எல்லாவற்றிலும் அழகாக இறங்கியிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து மூத்த ஆய்வாளர் நேரில் பார்க்க வருவதே அந்த வரைபடத்துக்காகத்தான்.

அம்மா பக்கத்தில் இல்லாமல் ஒரு முழு நாள் அன்பரசி எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவிட்டால் அறிக்கை முடிந்துவிடும். ஆதார் அட்டையில் பெயரைத் திருத்தத் திருப்பத்தூர் போக வேண்டும் என்று அவள் அம்மா ஈஸ்வரி சொன்னபோது கௌசருக்கு அது நல்ல வாய்ப்பாகத் தெரிந்தது.

"அவள இட்டுக்கினு போறேன் மேடம். பஸ்ஸுல கொஞ்சம் கத்துவா, பரவால்ல" என்று ஈஸ்வரி இழுத்தாள்.

"என்னை நம்பி விட்டுட்டுப் போங்க. சாயங்காலம் நீங்க வரும்போது சிரிச்சிட்டு நிப்பா" என்று சொன்னது கௌசர்தான்.

இப்போது அந்தச் சிரிக்கிற பெண்ணைக் காணவில்லை.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சுற்றுச்சுவரின் மறுபக்கம் எங்கும் இல்லை. செல்போனில் சிக்னல் எப்போதும்போல ஒரு கோடுகூட இல்லை. ஈஸ்வரியைக் கூப்பிடவும் வழியில்லை, சென்னைக்குச் சொல்லவும் வழியில்லை. காலில் செருப்பு இல்லாமலே பலாமரம்வரை ஓடியிருந்தது, கல் குத்தியபோதுதான் தெரிந்தது.

பலாமரத்தடியில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே மண்ணில் கறுப்பாகச் சின்னச் சின்னத் தோல்கள் கிடந்தன. கௌசர் குனிந்து எடுத்தாள். வறுத்த புளியங்கொட்டையின் தோல். இன்னும் எச்சில் காயவில்லை.

அன்பரசியின் பாவாடைப் பையில் எப்போதும் ஒரு பிடி வறுத்த புளியங்கொட்டை இருக்கும். கடக் கடக்கென்று கடித்து, தோலைத் துப்பிக்கொண்டே நடப்பாள். 'பிடித்த தின்பண்டம்' என்ற கட்டத்தில் கௌசரே அதை எழுதியிருக்கிறாள். பாப்பா இந்த வழியாகத்தான் வந்திருக்கிறாள்.

ஆனால் இங்கிருந்து எந்தப் பக்கம்? இடப்பக்கம் மேட்டுக் கொல்லை, ஊர்க்காரர்களின் மானாவாரி நிலம். வலப்பக்கம் இறக்கம், கல்லோடை.

"ஆனந்தி, ஊருக்குள்ள போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வா. ஓடு!"

*

கால் மணி நேரத்தில் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் ரங்கன், அன்பரசியின் பெரியப்பா. தோளில் கடப்பாரை. சாமை அறுப்பை நடுவில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் முகத்தில் அப்படியே இருந்தது.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைய எங்க வுட்டீங்க?"

"டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சதுல பயந்து ஓடிட்டா. இந்த மரம்வரைக்கும் வந்திருக்கா."

"என் தம்பி குடகுல காப்பித் தோட்டத்துல கெடக்கிறான். அவன் வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"



கூட்டம் மேட்டுக் கொல்லைக்கு ஏறியது. அங்கே அன்பரசியின் அப்பா சின்னராஜ் போட்ட காவல் கொட்டாய் இருக்கிறது. நாலு கம்பு நட்டு மேலே பலகையும் கூரையும் போட்டது. கதிர் முற்றும் காலத்தில் பன்றி விரட்ட அப்பாவும் மகளும் அதில்தான் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பாப்பாவுக்குப் பிடித்த இடம். அங்கேதான் இருப்பாள் என்று எல்லாரும் நம்பினார்கள்.

பாதி வழியில் கருகிய எண்ணெய் நாற்றம் மூக்கில் ஏறியது. வெடித்த டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் பாதையோரம்தான் நின்றது. இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

கொட்டாயில் அன்பரசி இல்லை.

கௌசர் புகையைப் பார்த்தாள். பிறகு கீழே இறக்கத்தைப் பார்த்தாள். 'இந்தப் பக்கம் வரப் பார்த்து, புகையைக் கண்டு திரும்பியிருப்பாள். அப்படியென்றால் ஓடைப் பக்கம்.' அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டத்தில் ஒருவன் தகர டின்னை எடுத்துத் தட்ட ஆரம்பித்துவிட்டான். பன்றி விரட்டுகிற மாதிரியே நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். "அன்பூ! ஏ அன்பூ!"

"தட்டாதீங்க!" கௌசர் கத்தினாள். "சத்தத்துக்குப் பயந்துதான் ஓடியிருக்கா. இன்னும் சத்தம் போட்டா இன்னும் உள்ளதான் போவா!"

"அப்ப இன்னா, பூனையாட்டம் தேடச் சொல்றியா?" என்றான் டின் வைத்திருந்தவன்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவ என்னிக்கு திரும்பிப் பார்த்திருக்கா?" என்று ரங்கன் அவனை அடக்கினான். பிறகு கௌசரைப் பார்த்தான். "டீச்சரம்மா, போன வருசமா இருந்தா இந்நேரம் அவ வூட்டுல இருப்பா. தெரியுமா?"

"எப்படி?"

"எப்படியா? அவளே கூவுவாளே! எங்க இருந்தாலும் கூவுவா. நாங்க பதில் குடுப்போம். அவ திருப்பிக் கூவுவா. கண்ண மூடிக்கினு போய்த் தூக்கிக்கினு வந்துடலாம். நீங்கதான் ஊரக் கூட்டி வெச்சி, யாரும் பதில் குடுக்காதீங்க, தானா நின்னுடும்னீங்க. நின்னுடுச்சி. இப்ப எங்கன்னு தேடுறது?"



அந்தக் கூவல் கௌசருக்கு நன்றாகத் தெரியும். 'ஹோ...ய்' என்று நீளமாகத் தொடங்கி, கடைசியில் சட்டென்று மேலே ஏறி முடியும். அன்பரசிக்குப் பேச்சு வராது. வாயிலிருந்து வருவது அது ஒன்றுதான். பள்ளிக்கூட அறையில் உட்காரவைத்து முதன்முதலாக எண்ணியபோது ஒரு மணி நேரத்தில் நாற்பத்தொரு முறை கூவினாள். படிவத்தில் 'நோக்கம்' என்ற கட்டத்தில் கௌசர் 'இல்லை' என்று எழுதினாள். அடுத்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, பாப்பா கூவும்போதெல்லாம் ஈஸ்வரி அடுப்படியிலிருந்து பதிலுக்குக் கூவினாள். 'தாயின் கவனம் இந்தப் பழக்கத்தை வளர்க்கிறது' என்று எழுதினாள். சரியான நடத்தைக்கு உடனே பாராட்டும் பரிசும், வேண்டாத நடத்தைக்குக் கவனமே கொடுக்காமல் இருப்பது. பயிற்சியின் அடிப்படையே அதுதான்.

ஊர்க்கூட்டம் போட்டதும் நினைவிருக்கிறது. "டீச்சர், எங்க வூட்டுக்காரிகூட நாள் பூரா கத்துறா. பதில் பேசாம இருந்தா பத்து வாரத்துல அவளும் நிறுத்திடுவாளா?" என்று ஜீப் ஓட்டுகிற வேடியப்பன் கேட்க, ஊரே சிரித்தது. கௌசரும் சிரித்தாள்.

"ரங்கண்ணே, அந்தக் கூவல்... அது என்ன கூவல்?"

ரங்கன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். தண்ணீர் என்றால் என்ன என்று கேட்டவளைப் பார்க்கிற பார்வை.

"காவக் கூவல்மா. கொட்டாயில ஒத்தையா ஒக்காந்திருக்கிறவன், நான் இங்க கீறேன், நீ கீறியான்னு கூவுவான். அடுத்த கொல்லைக்காரன் கேட்டா பதில் குடுத்தே ஆவணும். சண்டைக்காரனா இருந்தாலும் குடுக்கணும். மூணு வாட்டி கூவி பதில் வரலன்னா ஏதோ ஆபத்துன்னு எழுந்து போய்ப் பாக்கணும். சின்னராஜ் அவளுக்குக் கத்துக்குடுத்தது அது ஒண்ணுதான்."

"இதை ஏன் யாரும் என்கிட்ட அப்பவே சொல்லலை?"

"நீங்க எங்க கேட்டீங்க? நிறுத்தணும்னுதான் சொன்னீங்க. படிச்சவங்க, புள்ளைக்கு நல்லதுன்னு சொல்றாங்களேன்னு வாய மூடிக்கினோம்." ரங்கன் கடப்பாரையைத் தோள் மாற்றினான். "அன்னிக்கு உங்க ரூமுல நாப்பத்தோரு வாட்டி கூவுனான்னு எண்ணிச் சொன்னீங்களே. நாப்பத்தோரு வாட்டி 'யாராச்சும் கீறீங்களா'ன்னு கேட்டிருக்கா."

அந்த வாக்கியத்தை முழுசாக உள்ளே வாங்கிக்கொள்ளக்கூட நேரமில்லை. மேற்கே மலை முகட்டில் மேகம் கறுத்து இறங்கிவிட்டிருந்தது.

"மேல ஊத்துது" என்றான் ரங்கன், இப்போது குரலில் எரிச்சல் இல்லை. "இன்னும் முக்கா மணி, ஒரு மணிக்குள்ள ஓடையில தண்ணி எறங்கிடும்."

"அவ ஓடைப் பக்கம்தான் போயிருக்கா. புகையைப் பார்த்துத் திரும்பியிருக்கா. ரங்கண்ணே, நீங்க கூவுங்க. தயவுபண்ணி கூவுங்க!"

*

இறக்கத்தில் நின்று ரங்கன் கூவினான். அடிவயிற்றிலிருந்து வந்த குரல் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். ஒரு பறவை எழுந்து பறந்தது. அவ்வளவுதான்.

மறுபடி கூவினான். மூன்றாவது முறை கூவினான்.

எதுவுமில்லை.

"பத்து வாரம் அவளுக்கு நான் பதில் குடுக்கல" என்றான் ரங்கன். "அவ எனக்கு ஏன் குடுப்பா?"

கௌசரே கூவிப் பார்த்தாள். குரல் நடுவில் உடைந்து இருமலாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கல்லோடை ஒரு மைல் நீளத்துக்கு வளைந்து வளைந்து போகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் புதர், அடியில் பாறை இடுக்குகள். பத்தடி தள்ளி நின்றாலும் உள்ளே ஒரு குழந்தை சுருண்டிருப்பது தெரியாது. ஆட்கள் இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து இறங்கினார்கள். மூன்றரை. மூன்றே முக்கால். தூறல் விழ ஆரம்பித்தது. 'யா அல்லாஹ், யா அல்லாஹ்' என்று முணுமுணுத்தபடி கௌசர் ஒவ்வொரு இடுக்காகக் குனிந்து பார்த்தாள். முழங்கை உரசி ரத்தம் கசிந்தது.

ஈஸ்வரியின் வீட்டில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. அவை இப்போது அவள் கண்முன் வந்து நின்றன. ஈஸ்வரிக்கு எழுதுவது சிரமம் என்பதால் கௌசரே யோசித்துக் கண்டுபிடித்த வழி அது. பாப்பா வீட்டில் ஒருமுறை கூவினால் சிவப்பு டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். மனசு கேட்காமல் ஈஸ்வரி பதில் கொடுத்துவிட்டால் நீல டப்பாவிலும் ஒன்று போட வேண்டும். வாரா வாரம் ஈஸ்வரி இரண்டையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து மேசைமேல் கொட்டுவாள். சிவப்பில் முதல் வாரம் இருநூற்றுப் பதினாறு. பிறகு நூற்றிருபது. பிறகு அறுபது. போன வாரம் ஐந்து. அறைக்குள்ளோ ஏழு வாரமாக ஒரு கூவல்கூட இல்லை. நீல டப்பா பத்து வாரமும் காலி. சென்னையில் ஒரு கூட்டத்தில் அதைப் படமாகவே போட்டுக் காட்டினார்கள். 'இப்படி ஒரு தாய் கிடைப்பது அபூர்வம்' என்று மூத்த ஆய்வாளர் பாராட்டினார்.

கூவினால் யாரும் வரமாட்டார்கள். அதை அந்தக் குழந்தைக்குப் பொறுமையாக, அன்பாக, வாரத்துக்கு மூன்று நாள் கற்றுக்கொடுத்தது யார்?

மேலே சாலையில் ஜீப்பின் ஹாரன் கேட்டது.

*

வேடியப்பனின் ஜீப் பலாமரத்தடியில் நின்றபோது மணி நாலு. பின்னாலிருந்து ஈஸ்வரி இறங்கினாள். கையில் மஞ்சள் பை. கூட்டத்தைப் பார்த்தாள். கௌசரின் வெறுங்காலைப் பார்த்தாள்.

"ஈஸ்வரி..." கௌசருக்கு மூச்சு வாங்கியது. "அன்பரசியைக் காணோம். டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சுது. ஓடைப் பக்கம் போயிருக்கா. என் தப்புதான். கேமராவைப் பிடிக்கப் போய்..."

"எவ்ளோ நேரமாச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"ஐயோ, தம்பி பொண்டாட்டி, தண்ணி வரப்போவுது!" என்று ரங்கன் தலையில் கைவைத்துக்கொண்டான். "நான் கூவிப் பாத்துட்டேன். பதில் இல்ல."

ஈஸ்வரி பையை ஜீப்பின் படியில் வைத்தாள். "எல்லாரும் கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு ஒக்காருங்க. வேடியப்பா, வண்டிய நிறுத்து."

எஞ்சின் நின்றது. தூறல் இலைகளில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

ஈஸ்வரி ஓடையைப் பார்த்து நின்ற பாறைமேல் ஏறினாள். கையை வாயருகே கொண்டுபோனவள், சட்டென்று நிறுத்திக் கௌசரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கூவலாமா மேடம்?"

தன் பிள்ளையைக் கூப்பிட அந்தத் தாய் அனுமதி கேட்கிறாள்.

"கூவுங்க. கூவுங்க ஈஸ்வரி."

ஹோ...ய்!

ரங்கனுடைய குரல்போல அது பெரிதாக இல்லை. அடுப்படியிலிருந்து வாசலுக்குக் கூப்பிடுகிற குரல்தான். ஆனால் கடைசியில் இரண்டு முறை ஏறி இறங்கியது.

பதில் இல்லை.

இன்னொரு முறை. பதில் இல்லை. மேலே எங்கோ மலையின் வயிற்றுக்குள் வண்டி உருளுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. ரங்கன் கௌசரின் காதருகே குனிந்தான். "தண்ணி" என்றான்.

மூன்றாவது முறை கூவினாள் ஈஸ்வரி.

வெகு தூரத்தில், வலப்பக்கம், பாறைக்கு அடியிலிருந்து மெல்லிய நூல்போல ஒரு குரல் வந்தது.

ஹோ...ய்!

"அதோ!" ரங்கன் கடப்பாரையோடு பாய்ந்தான்.

ஈஸ்வரி கூவிக்கொண்டே இறங்கினாள். ஒவ்வொரு கூவலுக்கும் ஒரு பதில் வந்தது. இடம் மாறினால் குரல் மாறியது. "இல்ல மாமா, அந்தப் பக்கம் இல்ல, இன்னும் கீழ!" என்றாள். முள் கிழித்ததும் கல் குத்தியதும் கௌசருக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் நின்றுவிடக் கூடாது என்ற ஒரே நினைப்போடு பின்னால் சறுக்கிக்கொண்டு போனாள்.

ஓடையின் நடுவில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. அதன் அடியில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அன்பரசி குந்தியிருந்தாள். வலது கால் இரண்டு கற்களுக்கு நடுவில் கணுக்கால்வரை மாட்டியிருந்தது. காலடியில் ஓடிய தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது.

ரங்கன் கையை நீட்டினான். அவள் வீறிட்டு உள்ளே ஒடுங்கினாள். கால் இன்னும் இறுகியது.

"தொடாதீங்க ரங்கண்ணே! நீங்க கல்லைப் பாருங்க. ஈஸ்வரி, நீங்க அவ முன்னாடி உட்காருங்க, பேசாதீங்க, கூவுங்க. மெதுவா."

தண்ணீருக்குள் முழங்கால் போட்டு ஈஸ்வரி உட்கார்ந்தாள். மிகச் சன்னமாக, காதோடு சொல்கிற மாதிரி கூவினாள். அன்பரசியின் கை ஒரு காதிலிருந்து இறங்கியது. அவளும் சன்னமாகக் கூவினாள். அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிக் கூவிக்கொண்டிருக்க, ரங்கன் கடப்பாரையை இடுக்கில் நுழைத்து நெம்பினான். கல் அசையவில்லை. தண்ணீர் பாப்பாவின் முழங்காலைத் தொட்டது.

"டீச்சரம்மா, நீயும் தோள் குடு!"

கௌசர் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லுக்கு முதுகைக் கொடுத்தாள். எலும்பு முறிகிற மாதிரி வலித்தது. "இன்னும்! இன்னும் கொஞ்சம்!" என்று ரங்கன் பல்லைக் கடித்தான். தண்ணீர் பாப்பாவின் இடுப்புக்கு ஏறியது. ஈஸ்வரியின் குரல் ஒருமுறை நடுங்கியது. மறுகணம் சமாளித்துக்கொண்டது.

கல் ஒரு விரற்கடை நகர்ந்தது.

"இழும்மா!"

ஈஸ்வரி மகளை அள்ளிக்கொண்டு கரைக்குத் தாவினாள். ரங்கன் கௌசரின் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போட்டான். கடப்பாரை அங்கேயே நின்றது. அவர்கள் பாதி மேடு ஏறியபோது பின்னால் மரம் முறிகிற சத்தத்தோடு செந்நிறத் தண்ணீர் வளைவில் திரும்பி வந்தது. யானைப்பாறையின் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

*

வேடியப்பன் தன் கம்பளியை எடுத்துப் பாப்பாவைச் சுற்றினான். கணுக்கால் வீங்கியிருந்தது, முறிவு இருப்பதாகத் தெரியவில்லை. எதற்கும் ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிவிடலாம் என்று வண்டியைத் திருப்பப் போனான். போகிற போக்கில், "டீச்சர், என் வூட்டுக்காரிக்கு இனிமே ஒழுங்கா பதில் பேசிடறேன்" என்றான். ரங்கன் ஓரமாக உட்கார்ந்து முதல்முறையாகச் சிரித்தான்.

ஜீப்பின் பின்படியில் ஈஸ்வரி மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்பரசி நனைந்த பாவாடைப் பைக்குள் கைவிட்டு ஒரு புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டாள். கடக்.

கௌசர் எதிரில் நின்றாள். அவளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. படித்த பாடம் அப்படி. பத்து வாரம் யாருமே பதில் கொடுக்காத ஒரு பழக்கம் இத்தனை உயிரோடு இருக்க முடியாது. ரங்கனுக்கு வராத பதில், மூன்றாவது கூவலிலேயே அம்மாவுக்கு மட்டும் எப்படி வந்தது?

"ஈஸ்வரி, செவ்வாய்க்கிழமை அவங்க வரும்போது நடந்ததை எல்லாம் நானே சொல்லிடப்போறேன். எண்ணினதும் தப்பு, நிறுத்தச் சொன்னதும் தப்புன்னு. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை." அவள் குரல் தாழ்ந்தது. "நீங்க ஒருதடவைகூடப் பதில் கொடுக்கலை. நீல டப்பா கடைசிவரைக்கும் காலியாதானே இருந்துச்சு?"

ஈஸ்வரி மகளின் உதட்டோரம் ஒட்டியிருந்த கறுப்புத் தோலைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"தெனமும் கொல்லையில வெச்சி பதில் குடுத்துக்கினுதான் மேடம் இருந்தேன், அந்தக் கொட்டைய எல்லாம் டப்பாவுல போடாம, வறுத்து அவளுக்கே தின்னக் குடுத்துட்டேன்."